நான்கு கட்டங்களில் ஒரு கோரிக்கை: கொழும்பில் மக்கள் பிரதிநிதிக்குச் சித்திரக்கதை அனுப்புவது எப்படி?

தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் நம்மிடம் படங்களோடுதான் வருகிறார்கள். யானை, தொலைபேசி, திசைகாட்டி என்று வாக்குச்சீட்டு முழுவதும் படங்கள். சர்வசன வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் தான் விரும்பியவருக்கு வாக்களிக்க அது வழி செய்தது. தேர்தல் முடிந்து நாம் அவர்களிடம் பேச வேண்டிய முறை வரும்போது மட்டும், "தங்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கும் கடிதத்தைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நடையில் எழுத வராதவர், சிங்களத்தில் எழுத முடியாதவர், எழுதினாலும் யார் வாசிப்பார்கள் என்று சலித்துப்போனவர் எல்லோரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் தாளிலும் பேனையிலும் நான்கு கட்டச் சித்திரக்கதை ஒன்றை வரைந்து, அதை உரிய பிரதிநிதியின் கையில் சேர்த்து, பதில் வரும்வரை பின்தொடர்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கொழும்பு வடக்கில் பெண்கள் குழுக்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து நான் இப்படி வரைந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: படம் அழகாக இருக்கத் தேவையில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் கோரிக்கை மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும்.

கடிதத்தில் "வடிகான் மூடியின்றிக் காணப்படுவதால் பொதுமக்கள் பெரும் சிரமத்திற்குள்ளாகின்றனர்" என்று எழுதிவிடலாம். வரைய உட்கார்ந்தால் அப்படித் தப்ப முடியாது. "பொதுமக்கள்" என்று யாரையும் வரைய முடியாது. ஒருவரைத்தான் வரைய வேண்டும். அவர் யார், எத்தனை வயது, கையில் என்ன வைத்திருக்கிறார், எந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கிறார், எங்கே கால் வைக்கிறார் என்று எல்லாவற்றையும் தீர்மானித்தாக வேண்டும். அப்படித் தீர்மானிக்கும்போது நம் பிரச்சினை நமக்கே தெளிவாகிவிடுகிறது. வாசிக்கிற உறுப்பினருக்கும் அது தெளிவாகிறது.

எதை வரைவது?

ஒரு சித்திரக்கதைக்கு ஒரு பிரச்சினைதான். ஒழுங்கையில் குப்பையும் இருக்கிறது, தெருவிளக்கும் எரியவில்லை, நாய்த் தொல்லையும் உண்டு என்று மூன்றையும் நான்கு கட்டத்துக்குள் அடைத்தால் எதுவும் நிற்காது. பெரிய சொற்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழிச் சமத்துவம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால், சிகிச்சை நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழ் இல்லாததால் ஒரு தாய் தவறான வரிசையில் காலை முழுவதும் காத்திருக்கிறார் என்று வரைந்தால், அந்தப் பலகையை மாற்ற வேண்டியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். அந்த அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

கொழும்பில் கதைக்குப் பஞ்சமில்லை. பாடசாலை வாசலில் அழிந்துபோன பாதசாரிக் கடவை. மழை ஓய்ந்த மறுநாளே நுளம்பு பெருகும் வெற்றுக் காணி. தொடர்மாடியில் மாதக்கணக்கில் வேலை செய்யாத லிப்ட். உங்கள் கண்ணால் நீங்களே பார்த்ததாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

தேர்ந்தெடுத்த பிறகு, ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். எத்தனை மூடிகள் இல்லை என்று எண்ணுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதுங்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது முறையிட்டார்களா, என்ன பதில் வந்தது என்பதையும் கேட்டு வையுங்கள். இயலுமானால் ஒரு தடவை காலையிலும் ஒரு தடவை மழை நேரத்திலும் போய்ப் பாருங்கள். ஒரே வடிகான் இரண்டு நேரத்தில் இரண்டு விதமாக இருக்கும். கதை அந்த வித்தியாசத்தில்தான் கிடைக்கும்.

யாருக்கு அனுப்புவது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் இருப்பவருக்கு மிக அருகில் இருப்பவர் வட்டார உறுப்பினர். மாநகர சபை 47 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் அமைந்த சபையில் 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி உறுப்பினர்களில் ஏறக்குறைய 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்து நேரடியாகவும், மீதிப்பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். சில வட்டாரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. உங்கள் வட்டாரம் எது, உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம், அல்லது நகர மண்டபத்தில் விசாரிக்கலாம். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள் ஒழுங்கைகள், வடிகான், குப்பை அகற்றல், தெருவிளக்கு, நுளம்பு ஒழிப்பு, மாநகர சபை நூலகங்கள், விளையாட்டு மைதானங்கள் பற்றிய கதைகள் எல்லாம் இவருக்குத்தான் போக வேண்டும்.

பாராளுமன்ற உறுப்பினரின் நிலை வேறு. கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். 2024 நவம்பர் தேர்தலில் இங்கிருந்து 18 பேர் தெரிவானார்கள். உங்கள் தெருவுக்கு மட்டும் பொறுப்பானவர் என்று அவர்களில் எவரும் இல்லை. அதே காரணத்தால் பதினெட்டுப் பேருமே உங்கள் பிரதிநிதிகள்தான். அமைச்சுகளின் கீழ் வரும் விடயங்களை இவர்களிடம் கொண்டுபோக வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிய தொடர்மாடியின் லிப்ட், தேசிய பாடசாலையின் ஆசிரியர் பற்றாக்குறை, பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவம் கிடைக்காமை போன்றவை இந்த வகை. உறுப்பினர்களின் பட்டியல் பாராளுமன்ற இணையதளத்தில் தமிழிலும் இருக்கிறது. பதினெட்டுப் பேருக்கும் அனுப்புவதைவிட, அந்த விடயம் பற்றிச் சபையில் பேசியவர்கள், அதற்குரிய குழுவில் இருப்பவர்கள் என்று இரண்டு மூன்று பேரைத் தேடி அனுப்புவது மேல்.

மாகாண சபைக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். 2019இல் அதன் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாண சபையின் கீழுள்ள பாடசாலை பற்றியது என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு பிரதி வைத்து, கதையைப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்.

எல்லை எங்கே முடிகிறது என்பது சின்ன விடயம் இல்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த இடம் கொலன்னாவைப் பகுதியில் இருந்தது. அங்கே கொட்டப்பட்டது கொழும்பு மாநகரத்தின் குப்பை. அங்கிருந்த மக்கள் அதற்கு முன்பே பல வருடங்களாக எதிர்ப்புத் தெரிவித்து வந்தார்கள். ஒரு பிரச்சினை இரண்டு நிர்வாகங்களின் எல்லையில் நின்றால், இரு பக்கத்துப் பிரதிநிதிகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மற்றவருக்கும் அனுப்பியிருப்பதை இரண்டு பிரதிகளிலும் எழுதுங்கள்.

இன்னொரு விடயம். கொழும்பில் வேலை செய்துகொண்டு வாக்கு ஹட்டனிலோ பதுளையிலோ மட்டக்களப்பிலோ உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் தங்கியிருக்கும் ஒழுங்கையைப் பற்றி இங்குள்ள உறுப்பினரிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஊர்ப் பிரச்சினையை ஊர்ப் பிரதிநிதிக்கு இங்கிருந்தே வரைந்து அனுப்பவும் செய்யலாம்.

கதையை நான்காகப் பிரித்தல்

நான்கு கட்ட வடிவம் ஏற்கெனவே பல நாடுகளில் பயன்பட்டு வருவதுதான். இந்தியாவில் ஷரத் சர்மாவும் பின்லாந்தின் லீஃப் பக்காலேனும் ஓவியர் அல்லாத சாதாரண மக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பரப்பினார்கள். இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி, நான்கு கட்டம் வரைந்து, பிரதியெடுத்து, ஊர்ச் சுவரிலும் கடையிலும் ஒட்டுவது அவர்களது முறை. நாம் அதையே பிரதிநிதியின் மேசைக்கு அனுப்புகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. வடிகானின் கொங்கிரீட் மூடிகள் ஆறு உடைந்துபோயிருக்கின்றன. வீட்டுக்காரர்கள் அதன் மேல் பலகை போட்டிருக்கிறார்கள்.

முதற்கட்டத்தில் காலை ஆறரை மணி. வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி, தோளில் புத்தகப் பை. அவள் கையைப் பிடித்தபடி அம்மம்மா. "பிள்ளை, என் கையைப் பிடி." வீட்டு வாசலில் தொடங்கி ஒழுங்கை முடியும் இடம் வரை தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து வரையுங்கள். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

இரண்டாவது கட்டத்துக்குக் கண்ணை நெருக்கமாகக் கொண்டுபோங்கள். முகம் வேண்டாம். பலகையும் அதன் மேல் இரண்டு சோடிக் கால்களும் மட்டும்: ஒரு பாட்டா செருப்பு, ஒரு கறுப்புச் சப்பாத்து. பலகையின் ஒரு மூலை நைந்து இழை பிரிந்திருக்கிறது. கீழே கறுத்த தண்ணீர். வடிகானின் ஆழத்தை ஓர் அம்புக்குறி போட்டு, அளந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு கட்டங்களிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். இந்தக் கட்டத்தைப் பார்க்கிறவருக்குத் தன் கால் அந்தப் பலகையில் இருப்பதாகத் தோன்ற வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் மழை. வெள்ளம் ஏறியதால் எது தெரு, எது வடிகான் என்று தெரியவில்லை. பலகை மிதந்து போய்விட்டது. சிறுமி இந்தப் பக்கம், அம்மம்மா அந்தப் பக்கம். இங்கே வசனமே தேவையில்லை. விழுவது போலவோ இரத்தம் வருவது போலவோ வரையாதீர்கள். நடக்காத விபத்தை நடந்ததாகக் காட்டினால் அது பொய். நடந்திருந்தால் அதை மறுபக்கக் கடிதத்தில் திகதியோடு எழுதலாம்.

நான்காவது கட்டம் கோரிக்கை. இருவரும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். "எங்கள் ஒழுங்கைக்கு ஆறு வடிகான் மூடிகள் வேண்டும். பருவமழைக்கு முன் போட்டுத் தாருங்கள்." அவ்வளவுதான். எத்தனை, எங்கே, எப்போதைக்கு என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. "ஆவன செய்யுங்கள்" என்று எழுதினால், செய்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்போது நம்மால் மறுக்க முடியாது. ஆறு மூடி என்று எழுதினால் போய் எண்ணிப் பார்க்கலாம்.

உறுப்பினரைக் கேலிச்சித்திரமாக வரையும் ஆசை பலருக்கு வரும். பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கு அதற்குரிய இடமும் மரியாதையும் உண்டு. ஆனால் நாம் அனுப்புவதை வாசிக்கப்போகிறவரே அவர்தான். தொப்பை வயிறோடு தன்னையே அதில் பார்க்கிறவர், மூடிகளைப் பற்றி யோசிக்க மாட்டார். அவரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், கடைசிக் கட்டத்தில் அந்த ஒழுங்கையில் நின்று நேரில் பார்க்கிறவராக வரையுங்கள்.

தாளும் கோடும்

ஏ4 தாள், பென்சில், அடிமட்டம், அழிறப்பர், ஒரு கறுப்பு ஜெல் பேனை, சற்றுத் தடித்த இன்னொரு கறுப்புப் பேனை. இவை போதும். நிறம் வேண்டாம். கறுப்பு வெள்ளையில் வரைந்தால் எந்த போட்டோ கொப்பிக் கடையிலும் குறைந்த செலவில் தெளிவாகப் பிரதி எடுக்கலாம். நீல பேனையும் பென்சில் நிழலும் பிரதியில் மங்கிவிடும்.

தாளைச் சுற்றி ஒன்றரை சென்ரிமீற்றர் ஓரம் விடுங்கள். மேலே தலைப்புக்கு மூன்று சென்ரிமீற்றர். மீதி இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்து, நடுவில் அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய இடைவெளி விட்டால், ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒன்பது சென்ரிமீற்றர் அகலமும் பதினொன்றரை சென்ரிமீற்றர் உயரமும் வரும். மடிப்பு எங்கே விழும் என்பதையும் கவனியுங்கள். மேலே தலைப்பு இருப்பதால், தாளைக் குறுக்காக இரண்டாக மடித்தால் மடிப்பு இடைவெளியில் விழாமல் மேல் கட்டங்களின் அடிப்பகுதியில் விழும்; அதற்காக மேல் கட்டங்களின் உயரத்தை ஒன்றரை சென்ரிமீற்றர் குறைத்து, கீழ்க் கட்டங்களை அதே அளவு கூட்டி, மடிப்பு சரியாக இடைவெளியில் விழும்படி செய்துகொள்ளுங்கள். நீள உறையில் மூன்றாக மடித்து அனுப்புவதென்றால், நான்கு கட்டத்துக்குப் பதிலாக மூன்று நீளப் பட்டைகளாக வரைவது நல்லது. முகத்தின் மேல் மடிப்பு விழுந்த படம், பிரிக்கும்போதே கசங்கித் தெரியும். ஏ3 தாள் கிடைத்தால் அதில் பெரிதாக வரைந்து, கடையில் 71 வீதத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். ஏ4 அளவில் வரும், கோடுகளும் இறுகி நன்றாகத் தெரியும்.

"எனக்கு வரைய வராது" என்பவர்களிடம் நான் முகத்திலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. ஒழுங்கையின் வரைபடத்தைப் போடச் சொல்வேன். கோவில் எங்கே, கடை எங்கே, குழாய் எங்கே என்று எல்லோராலும் போட முடியும். அடுத்து, அந்த இடத்தில் இருக்கிற ஒரு பொருளை வரையச் சொல்வேன். தொடர்மாடியிலிருந்து வந்த ஒரு பெண், ஆள் உருவம் வரையப் பயந்தவர், லிப்ட் கதவின் பக்கத்திலிருக்கும் பொத்தான் பலகையை அவ்வளவு நுணுக்கமாக வரைந்தார். எந்த மாடியின் பொத்தான் உள்ளே போய்விட்டது, எதன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. தினமும் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும். மனிதருக்கு வட்டத் தலையும் நான்கு கோடும் போதும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் மட்டும் கொடுத்து அதை எல்லாக் கட்டத்திலும் மாறாமல் வையுங்கள்: கொண்டை, கண்ணாடி, கைப்பை, சாரம்.

எழுத்தை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுற்றி வசனக் குமிழைப் போடுங்கள். குமிழை முதலில் போட்டுவிட்டால் தமிழ்ச் சொற்கள் அதற்குள் அடங்க மாட்டா. நம் சொற்கள் நீளமானவை. நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் வாசிப்பு தடைப்படும். ஒரு கட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம். எழுத்து அரைச் சென்ரிமீற்றர் உயரமாவது இருக்கட்டும். ண, ன, ஞ போன்றவற்றின் சுழிகள் சிறிய எழுத்தில் பிரதியெடுக்கும்போது அடைத்துக்கொள்ளும். முதலில் பேசுபவரின் குமிழ் இடது மேல் மூலையில் வர வேண்டும். அடுத்தவருடையது அதற்கு வலப்பக்கம் சற்றுக் கீழே.

முடிந்ததும், விடயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒன்றும் விளக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் "என்ன கேட்கிறார்கள்?" என்று உங்களிடம் கேட்டால் நான்காவது கட்டத்தை மறுபடி எழுத வேண்டும்.

தமிழிலும் சிங்களத்திலும்

தமிழ் ஆட்சிமொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி, கொழும்பிலுள்ள அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரித்து உண்டு. ஆகவே தமிழில் அனுப்பத் தயங்காதீர்கள். அதே வேளையில், கையில் எடுத்துப் பார்க்கும் உறுப்பினர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். அவர் உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நம் நோக்கம்.

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. படத்தை மட்டும் வரைந்து, குமிழ்களை வெற்றாக விட்டு, அந்த நிலையில் இரண்டு மூன்று பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தமிழ் வசனம், இன்னொன்றில் சிங்கள வசனம். இரண்டு மொழியும் இடமிருந்து வலமாகவே போவதால் கட்டங்களை மாற்ற வேண்டியதில்லை. குமிழ்களைச் சற்றுப் பெரிதாக விட்டு வையுங்கள். சிங்கள வசனத்தைக் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பிடம் கேட்க வேண்டாம். அதே ஒழுங்கையில் இருக்கும் சிங்கள அயலவரிடம் கேளுங்கள். கொழும்பின் ஒழுங்கைகளில் பெரும்பாலும் எல்லா இனத்தவரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள், வடிகானும் எல்லோர் வீட்டு வாசலிலும்தான் ஓடுகிறது. அவரும் சேர்ந்து கையொப்பமிட்டால் அந்தக் கோரிக்கைக்கு இருமடங்கு பலம். இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. சேர்ந்து வரைந்தவர்கள் அடுத்த பிரச்சினைக்கும் சேர்ந்து நிற்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

இலங்கையில் 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் ஒருவரின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினால் சிவில் வழக்கு வரலாம். இணையத்தில் இடுவதற்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரரும் பத்திரிகையாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமற்போனார் என்பதை இந்த நாட்டில் கோடு வரைகிற எவரும் மறந்துவிட முடியாது. வடிகான் மூடி கேட்பதில் அப்படியான ஆபத்து இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் யார் யார் பெயரைத் தாளில் எழுதுவது என்பதைக் குழுவாக இருந்து பேசி முடிவெடுங்கள். தயங்குகிறவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். குற்றச்சாட்டை எழுதாமல், கண்டதையும் அளந்ததையும் எழுதுங்கள்.

அயலவர் கதையை வரைவதாக இருந்தால் அவரிடம் காட்டிச் சம்மதம் பெறுங்கள். பெயரையும் உருவத்தையும் மாற்றிவிடுவது இன்னும் நல்லது; பிள்ளைகள் விடயத்தில் கட்டாயம் மாற்றுங்கள். சமயச் சின்னங்களைக் கதைக்குத் தேவையில்லாமல் பின்னணியில் போட வேண்டாம். பிரதியைச் சுவரில் ஒட்டுவதானால் சுவருக்குரியவரிடம் கேட்டு ஒட்டுங்கள். கடைக்காரர் தம் கடை வாசலில் தாமே மாட்டி வைத்தால் அதைப்போல் நல்ல இடம் வேறில்லை.

கையில் சேர்ப்பதும் பின்தொடர்வதும்

தாளின் மறுபக்கத்தில் குறுகிய கடிதம் எழுதுங்கள். திகதி, வட்டாரம், ஒழுங்கையின் பெயர், கோரிக்கை ஒரே வசனத்தில், ஏற்கெனவே முறையிட்ட விபரம், தொடர்புகொள்ள ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். கீழே கையொப்பங்கள். படம் வேறு, கடிதம் வேறு என்று இரண்டு தாளாக வைத்தால் அலுவலகத்தில் பிரிந்துபோகும். ஒரே தாளின் இரு பக்கம் என்றால் கடிதம் போகும் கோப்புக்கெல்லாம் அந்த அம்மம்மாவும் போவார்.

வட்டார உறுப்பினருக்கு நேரில் கொடுப்பதே சிறந்தது. இரண்டு மூன்று பேராகப் போங்கள், வரைந்தவரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். இயலுமானால் அவரை அந்த இடத்துக்கே அழைத்து, பலகையின் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். ஒரு பிரதியை மாநகர ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையிலுள்ள பாராளுமன்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். பல வருடங்களாக இழுபடும் தனிப்பட்ட அநீதி என்றால், பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. அங்கே மனுவை ஓர் உறுப்பினர் மூலமாகத்தான் சமர்ப்பிக்க முடியும். அந்த உறுப்பினரைச் சந்திக்கப் போகும்போது சித்திரக்கதை கையில் இருந்தால் விடயத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது எளிது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாளில் வந்து குவியும் படங்களில் நம்முடையதும் மேலே போய்விடும். தாள் மேசையில் இருக்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் தொலைபேசியில் விசாரியுங்கள். பேசியவர் பெயர், திகதி, சொன்ன பதில் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கிருக்கிறது. மாநகர சபையின் தகவல் அலுவலரிடம், இந்தத் திகதியில் கிடைத்த எங்கள் கோரிக்கை எந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது, என்ன முடிவெடுக்கப்பட்டது, இந்த ஒழுங்கையின் வடிகானுக்கு இவ்வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வரும் பதிலை வைத்து அடுத்த தாளை வரையுங்கள். ஆறு மூடியில் நான்கு போட்டிருந்தால், போட்ட நான்கையும் முதற்கட்டத்தில் வரைந்து, வேலை செய்த தொழிலாளர்களையும் அதில் காட்டி நன்றி எழுதுங்கள். மீதி இரண்டு எந்த வீட்டு வாசல்களில் இருக்கின்றன என்பதைக் கடைசிக் கட்டத்தில் வீட்டு இலக்கத்தோடு குறித்து, அதே உறுப்பினருக்கு, அதே ஆணையாளருக்கு, முதல் தாளின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.